செக்‌ஷன் சொல்லாத கட்டளை

திண்டிவனத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுக்கும் மில்லில் சூப்பர்வைசராக இருந்த அரங்கநாதனுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. கட்டளை போடத்தான் தெரியும். "அடுப்படி. தண்ணி. ஒரு சொம்பு" என்பார். வீட்டில் இருந்தது அவரும் மனைவி லட்சுமியம்மாளும் மட்டும். அடுப்படி, கிணற்றடி, வாசல், கொல்லை என்று அவர் வீட்டை எத்தனை செக்‌ஷனாகப் பிரித்து வைத்தாலும் எல்லாச் செக்‌ஷனிலும் வேலை பார்த்தது அந்த ஒரே பெண்மணிதான். பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து "கொல்லை. வேட்டி. காய்ஞ்சுதா" என்று கேட்கும் மனிதரோடு குடித்தனம் நடத்துவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அவளைத்தான் கேட்கவேண்டும். கேட்டவர்களிடம் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அரங்கநாதன் பெருமுக்கலில் பிறந்தவர். வீட்டுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. அண்ணன் சேற்றில் இறங்கி உழுதுகொண்டிருந்தபோது தம்பி வரப்பில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை காலில் மண் ஒட்டாது என்று அப்பாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பத்தாவது வரை படிக்கவைத்தார். பிறகு யாரையோ பிடித்து விழுப்புரம் ஜங்ஷனில் தற்காலிகமாக ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். மேசை துடைப்பது, கூஜாவில் தண்ணீர் நிரப்புவது, சாயங்காலம் அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் வேலை பார்த்த அறையில் ஒரு டெலிபோன் இருந்தது. அதுதான் அரங்கநாதனின் வாழ்க்கையைக் கெடுத்தது.

ஒரே கம்பியில் வழிநெடுக எல்லா ஸ்டேஷன்களையும் கோத்திருந்த டெலிபோன் அது. மேலதிகாரி பேசினால் எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்கும். அதனால் முதலில் ஸ்டேஷன் பெயரைச் சொல்வார்கள். அடுத்தது வேலை. அதற்கடுத்தது வண்டியின் விவரம். பெயர் சொல்லப்பட்ட ஸ்டேஷன் மட்டும் பதில் பேசும். மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்ட அரங்கநாதனுக்குப் புல்லரித்துவிட்டது. உலகத்தில் நடக்கிற சண்டை சச்சரவு, காலதாமதம், குழப்பம் எல்லாவற்றுக்கும் காரணம் மனிதர்கள் இப்படிப் பேசாததுதான் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

வேலை நிரந்தரமாகவில்லை. சில மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஊருக்கு வந்திருப்பார். இவரோ தென்னிந்திய ரயில்களையெல்லாம் தாமே ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றவர் மாதிரி வந்து இறங்கினார். அதற்குப் பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் "விழுப்புரத்துல நான் இருந்தப்போ" என்றுதான் ஆரம்பம். கூஜாவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

திண்டிவனத்தில் நடராசன் என்பவர் மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருந்தார். மூட்டைமேல் இங்கிலீஷில் எழுத ஆள் தேவைப்பட்டது. அரங்கநாதன் சேர்ந்தார். எழுத வந்தவர் ஏவ ஆரம்பித்து, ஏவினவர் சூப்பர்வைசராகிவிட்டார். முதலாளி நடராசன் நல்ல மனிதர் என்று சொல்வார்கள். நல்லவரோ இல்லையோ, புதுசாக எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார். அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொண்டுதான் அரங்கநாதன் மைக் செட்டுப் பேச்சை எடுத்தார்.

மில்லுக்குள் எஞ்சின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது என்பது உண்மைதான். அதற்காக நாற்பது பேர் நாற்பது வருஷமாகக் கையாலும் கண்ணாலும் பேசிச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அரங்கநாதனுக்கு அது போதவில்லை. ஆபீஸ் அறையில் மைக், வெளியே ஒவ்வொரு மூலையிலும் ஒரு குழாய் என்று மாட்டவைத்தார். கல்யாண வீட்டில் பாட்டுப் போடும் அதே குழாய். மில்லை வாசல், களம், எஞ்சின், உடைப்பு, சல்லடை, கோடவுன் என்று செக்‌ஷன்களாகப் பிரித்தார். இனிமேல் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. முதலில் செக்‌ஷன், பிறகு வேலை, கடைசியில் விவரம். "களம், வாரு, மேற்கு ஓரம்." "சல்லடை, மாற்று, சின்னக் கண்." "வாசல், விடு, ரெண்டு வண்டி." குழாயில் அவர் குரல் வந்தபோது கேட்டவர்களுக்குச் சாவு அறிவிக்கிறார்களோ என்று தோன்றியது.

ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் அதனதன் கட்டளைகள் தனி. களத்துக்கு 'வாரு' உண்டு, எஞ்சினுக்குக் கிடையாது. எஞ்சினுக்கு 'கிளப்பு' உண்டு, கோடவுனுக்குக் கிடையாது. 'நிறுத்து' மட்டும் எல்லாருக்கும் உண்டு. வாசலுக்குச் சொன்னால் வண்டியை மறிக்கவேண்டும். களத்துக்குச் சொன்னால் வாருவதை விடவேண்டும். எஞ்சினுக்குச் சொன்னால் எஞ்சினை அணைக்கவேண்டும். ஒரே சொல், ஆனால் முன்னால் யார் பெயர் வருகிறதோ அவருக்குத் தகுந்த வேலை. இதைக் கண்டுபிடித்த அன்று அரங்கநாதன் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதற்குமேல் ஒரு சட்டம் வைத்தார். செக்‌ஷன் பெயர் வராத கட்டளைக்கு ஒருவரும் கையை அசைக்கக்கூடாது. கட்டளை புரியவில்லை என்றால் நின்ற இடத்தில் கையைத் தூக்கி, தன் செக்‌ஷனுக்கு உரிய கட்டளைகள் என்னென்ன என்று உரக்க ஒப்பிக்கவேண்டும். அதைக் கேட்டுச் சூப்பர்வைசர் சரியானதைப் போடுவாராம். எஞ்சின் சத்தத்தில் அந்த ஒப்பிப்பு அவருக்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை. சல்லடைப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அஞ்சம்மாள் வேறொன்று கேட்டாள். திடீரென்று ஆபத்து என்றால் என்ன செய்வது என்றாள்.

"ஆபத்துக்கும் செக்‌ஷன் உண்டு. எங்க ஆபத்துன்னு சொல்லாத ஆபத்து யாருக்கும் உதவாது" என்றார் அரங்கநாதன்.

அஞ்சம்மாள் வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மற்ற பெண்களைப் பார்த்தாள். அதோடு சரி. அந்தப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புரிந்த கட்டளைக்கும் புரியாத மாதிரி கையைத் தூக்கி, ஊட்டு, சலி, மாற்று, கூட்டு, நிறுத்து என்று கோயிலில் அர்ச்சனை மாதிரி இழுத்து இழுத்து ஒப்பிப்பார்கள். அந்த நேரத்துக்கு வேலை கிடையாதே. அரங்கநாதன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, ஒழுங்கு வந்துவிட்டது என்று பூரித்துப்போவார்.

எஞ்சின் பார்த்தவர் சின்னக்கண்ணு. கரியும் எண்ணெயுமாக, பேச்சே இல்லாத மனிதர். வீட்டில் நாலு பிள்ளைகள். ஒருநாள் களத்தில் மழை தூறியது. களத்துக்குச் சொல்லவேண்டிய 'நிறுத்து' குழாயில் வந்தபோது, முன்னால் வந்த 'களம்' என்ற சொல்லைக் காதில் வாங்காமல் சின்னக்கண்ணு எஞ்சினை அணைத்துவிட்டார். அந்தக் கிழட்டு எஞ்சினை மறுபடி கிளப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அரங்கநாதன் அவரைக் குழாய்க்குக் கீழே நிற்கவைத்து, எல்லாப் பெண்களும் பார்க்க, எஞ்சின் செக்‌ஷனின் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கவைத்தார். அது போதாதென்று ஒரு வாரம் மில்லுக்குள் வரக்கூடாது என்றார். சின்னக்கண்ணு தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். தன் பெயர் வராமல் தன் கையை அசைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அந்த ஒரு வாரத்தில் அவருக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி விழுப்புரத்தில் இரண்டாவது மில் கட்ட ஆரம்பித்தார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். தங்குவதற்கு வீடும் தருவதாகப் பேச்சு. அரங்கநாதனுக்கு ராத்தூக்கம் போயிற்று. தன்னைத் திருப்பி அனுப்பிய ஊருக்கு மேனேஜராகப் போய் இறங்கவேண்டும், அந்த ஜங்ஷனில் ஒரு தடவையாவது முதல் வகுப்பு வாசல் வழியாக வெளியே வரவேண்டும். இவருக்கு ஆசை இப்படி என்றால், லட்சுமியம்மாளுக்கு வேறு மாதிரி. அவள் பிறந்த ஊர் விழுப்புரத்தை ஒட்டியிருக்கிற கோலியனூர். அம்மா முனியம்மாள் கைகால் விளங்காமல் அங்கே படுத்துக்கிடந்தாள். பொங்கலுக்குப் பொங்கல்தான் மகள் போய்ப் பார்க்க முடிந்தது. அடுப்படி, கொல்லை, கிணற்றடி என்று இத்தனை செக்‌ஷனை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? விழுப்புரம் போய்விட்டால் நினைத்தபோது ஒரு நடை போய் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு வரலாம். வேலை உறுதியாவதற்கு முன்பே அவள் பாத்திரங்களைத் துலக்கிச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதலாளி ஒரு நாள் மில்லைச் சுற்றிப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மைக் செட்டு முறை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு, விழுப்புரத்துக்கும் அதையே வைத்து அரங்கநாதனையே அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அதை அவர் ஜாடையாகச் சொல்லியும் இருந்தார். அரங்கநாதன் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மைக்குக்கும் சந்தனம் வைத்தார்.

முதலாளி எட்டு முழ மல்வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் ஓடும் இடத்துக்கு அப்படி வரக்கூடாது என்று சொல்ல யாருக்குத் தைரியம்? ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே அவர் நின்று பார்க்க, உள்ளே அரங்கநாதன் கட்டளைகளைப் பொழிந்தார். களம் வாரியது. வாசல் வண்டியை விட்டது. சல்லடை கண் மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் முதலாளி தலையை ஆட்டினார். கிட்டத்தில் போய்ப் பார்க்கும் ஆசையில் அவர் நகர்ந்து உடைக்கும் மெஷினுக்குப் பக்கம் போனார். பெல்ட்டு ஓடும் காற்றில் வேட்டியின் நுனி பறந்தது. பறந்த நுனியைச் சுழலும் உருளை பிடித்துக்கொண்டது.

ஜன்னலில் அதைப் பார்த்த அரங்கநாதன் மைக்கைப் பிடித்துக் கத்தினார்.

"நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"

எல்லாக் குழாயிலும் அது கணீரென்று கேட்டது. மில் முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். எந்தச் செக்‌ஷன் என்பது மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் அதைச் சொல்லவில்லை. வாசலில் இருந்தவன் கையைத் தூக்கினான். களத்துப் பெண்கள் கையைத் தூக்கினார்கள். கோடவுன் ஆட்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். எஞ்சின் ரூம் வாசலில் சின்னக்கண்ணு கரிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தூக்கிய கையோடு எல்லாரும் அவரவர் செக்‌ஷன் கட்டளைகளை ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். நாற்பது வாயும் ஒரே நேரத்தில் ஊட்டு, வாரு, விடு, கிளப்பு, அடுக்கு என்று பாட, நடுவில் முதலாளி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். கொண்டாட்டம்தான் போங்கள்.

எஞ்சின் நின்றால் உருளையும் நின்றுவிடும். அரங்கநாதன் இதற்குள் "எஞ்சின்" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. ஊரில் மற்ற எல்லாரும் பதற்றத்தில் பேசுகிற மாதிரி அவரும் பேசிவிட்டார், அவ்வளவுதான். இடுப்பு முடிச்சு அவிழ்ந்ததால் முதலாளி பிழைத்தார். வேட்டி முழுவதையும் உருளை சுருட்டி வாங்கிக்கொண்டது. பெல்ட்டு நழுவி விழுந்து மெஷின் தானாக நின்றது. கோடுபோட்ட டிராயரோடு திண்டிவனத்தின் பெரிய மனிதர் ஒருவர் நாற்பது பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அஞ்சம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு முதலாளி ஆபீஸ் அறையில் வந்து உட்கார்ந்தார். சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டார். நான் சாகிறதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாயா என்று கேட்டார்.

"நிறுத்துன்னு கேட்டுதுங்க. எதைன்னு சொல்லலீங்க" என்றார் சின்னக்கண்ணு. "போன தபா நானா நிறுத்திட்டு ஒரு வாரம் வாசல்ல நின்னுக்கினு இருந்தேங்க."

அதைப் பயத்தில் சொன்னாரா, மனசுக்குள் வைத்திருந்து சொன்னாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எஞ்சின் பக்கத்தில் நின்றுநின்று அவர் முகமே எஞ்சின் மாதிரி ஆகியிருந்தது.

முதலாளிக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். யாரையாவது துரத்திவிட்டால் ஆறிவிடும். அதற்குச் சின்னக்கண்ணுதான் தோதான ஆள் என்று அவர் முடிவுசெய்துவிட்டது தெரிந்தது. சின்னக்கண்ணுவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அரங்கநாதனிடம் திரும்பி, ஆள் சரியில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல், இவனை அனுப்பிவிட்டு நாம் விழுப்புரம் வேலையைப் பார்ப்போம் என்றார்.

ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். அரங்கநாதன் வாயைத் திறந்தார், ஆனால் தலை ஆடவில்லை. சின்னக்கண்ணு தானாகவே எஞ்சினை நிறுத்தியிருக்கவேண்டும் என்று சொன்னால், செக்‌ஷன் பெயர் இல்லாத கட்டளையைக் கேட்டு ஆள் தானே ஊகித்துக்கொள்ளலாம் என்று ஆகிறது. ஊகித்துக்கொள்ளலாம் என்றால் செக்‌ஷன் எதற்கு, குழாய் எதற்கு? விழுப்புரத்து டெலிபோன் அறையில் கூஜாவோடு நின்று தான் கற்றுக்கொண்டது எதற்கு? அவர் தலைக்குள் ஓடியது இதுதான். சின்னக்கண்ணுவின் பிள்ளைகள் அங்கே இல்லை. கோலியனூர்க் கிழவியும் இல்லை.

"சின்னக்கண்ணு செஞ்சது சரிங்க" என்றார். "செக்‌ஷன் பேரு வராத கட்டளைக்குக் கையை அசைக்கக் கூடாதுங்க. அவரு அசைக்கல."

"அப்போ தப்பு எங்க?"

"கட்டளையிலங்க."

"கட்டளை போட்டது யாரு?"

"நாந்தாங்க."

முதலாளி இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார். நாளையிலிருந்து மில்லுக்கு வரவேண்டாம் என்றார்.

ஊருக்கு ஒரு கதை வேண்டும் அல்லவா? அரங்கநாதன் வீடு போய்ச் சேர்வதற்குள் அது தயாராகிவிட்டது. எஞ்சின்காரன் பிழைப்பு போகக்கூடாது என்று தன் மேனேஜர் வேலையையே தூக்கிக் கொடுத்துவிட்டாராம். நாலு பிள்ளைகளின் சோற்றைக் காப்பாற்றினாராம். கடைத்தெருவில் இவரைப் பார்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டவர்கள்கூட உண்டு. நேற்றுவரை இவர் குரலைக் குழாயில் கேட்டுப் பழித்துக்காட்டிய அதே ஆட்கள்தான். ஊர் என்றால் இப்படித்தான், யாரையாவது தூக்கிவைக்காமல் அதற்குப் பொழுது போகாது.

கதை லட்சுமியம்மாளுக்கும் வந்திருந்தது. முதலில் வேலை போனதைக் கேட்டு, கட்டிவைத்த சாக்குமேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு காரணத்தைக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, யாரும் கட்டளை போடாமலே காபி கலந்தாள். புருஷன் வந்து உட்கார்ந்ததும் அவர் கையிலேயே டம்ளரைக் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்தது கிடையாது.

"விழுப்புரம் போனாப் போவுதுங்க" என்றாள். "அந்தாளு புள்ளைங்க வாயில மண்ணைப் போடாம வந்தீங்களே, அது போதும் எனக்கு. எங்கம்மா கேட்டா பூரிச்சுப் போயிடும்."

அந்தக் காபியைக் குடித்துவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கவேண்டும். உலகத்தில் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். இனாமாக வந்த நல்ல பெயர், அதுவும் சொந்த மனைவி வாயால்.

"புள்ளைங்களா?" என்றார் அரங்கநாதன். "அதெல்லாம் நான் நெனைக்கவே இல்ல. ரூல் பிரகாரம் அவன் செஞ்சது சரி. நான் வச்ச ரூலை நானே எப்படித் தப்புன்னு சொல்றது?"

பிறகு விளக்க ஆரம்பித்தார். ஒரே கம்பி, எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்கும், முதலில் பெயர், பிறகு வேலை, பிறகு விவரம். எங்கம்மா என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. லட்சுமியம்மாள் நின்று முழுவதையும் கேட்டாள். எங்காவது ஓரிடத்தில் அந்தப் பிள்ளைகளோ, படுத்துக்கிடக்கிற தன் அம்மாவோ வருவார்களா என்று பார்த்திருப்பாள். வரவில்லை.

அவர் பேசி முடித்ததும் அவள் உள்ளே போய் மாற்றுச் சேலை இரண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பின்னாலேயே வந்து, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. லட்சுமியம்மாளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்தபோது அவர் "நிறுத்து, நிறுத்து" என்று கையைத் தட்டினார். கண்டக்டர் திரும்பி லட்சுமியம்மாளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, சில்லறையை எடுத்துக் கொடுத்து, விழுப்புரத்தில் இறங்கினால் கோலியனூருக்கு உடனே பஸ் கிடைக்குமா என்று விசாரித்தாள்.